கூரைக்குக் கீழே ஓர் ஏணைச்சீலை

2025 மே 2, வெள்ளி

இன்று பின்னேரம் அம்மா என்னைப் பரணில் ஏற்றினார். கதிரைக்கு மேல் ஸ்டூல், ஸ்டூலுக்கு மேல் நான். அக்கா பெருத்த வயிற்றோடு கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்தா அங்கால விழு புள்ள. என்ட வயித்துல விழுந்திராத."

தலையை மேலே நீட்டியதும் சூடு முகத்தில் அறைந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது, ஆனால் கூரைத் தகடு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மூச்சு விட முடியவில்லை.

எங்கள் வீட்டில் அருமையான சாமான் எல்லாம் மேலேதான். பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் கலியாணப் படம், என் புலமைப்பரிசில் சான்றிதழ், எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக் கிடக்கின்றன. இந்த வரிசையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். நாவலடியிலிருந்து கடல் துரத்திவிட்ட ஆட்கள் நாங்கள். திராய்மடுவில் வீடு கிடைத்ததும் எல்லாரும் முதலில் பரண்தான் அடித்தார்கள் என்று அப்பா சொல்வார். அடுப்பு மூட்டக் குசினி பிறகுதானாம்.

பச்சை றங்குப்பெட்டியில் கை வைத்ததும் இழுத்துக்கொண்டேன். தகரம் சுட்டது. சாக்கைச் சுற்றித்தான் இறக்கினேன்.

உள்ளே ஏணைச்சீலை, பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற சீலை. அக்கா கிடந்தது, அண்ணா கிடந்தது, கடைசியாக நான் கிடந்தது. நான் ஏணையை விட்டு இறங்கியபோது அது மேலே போனது. இனி அக்காவின் பிள்ளைக்கு. அம்மா அதை விரிக்காமலே முகத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

வெள்ளைச் சீலை, நீலக்கரை என்றுதான் அம்மா எப்போதும் சொல்வார். பெட்டிக்குள் இருந்ததோ பால் விடாத பிளேன்ரீ நிறம். மடிப்பு விழுந்த கோடுகள் இன்னும் கடுமையாக, பாணின் கருகிய ஓரம்போல. மணம்கூட இலேசான புளிப்பு.

"மஞ்சள் பிடிச்சிரிக்கு. கழுவினாப் போயிரும்" என்றார் அம்மா.

திரும்ப மடிக்கும்போது சருகு மிதித்ததுபோல் ஒரு சத்தம். என் உள்ளங்கையில் மண்ணிறப் பொடி. அம்மா அதைக் கவனிக்கவில்லை.

துணி பொடியாகுமா?

மே 4

பொடியைத் தட்டிவிட மனம் வரவில்லை. பென்சில் பெட்டிக்குள், சொக்லேட் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மே 9, வெள்ளி

இரசாயனவியல் பாடத்தில் கேட்டேவிட்டேன். "டீச்சர், நெருப்புப் படாமலே துணி கருகுமா?"

வகுப்பே சிரித்தது. பின் வாங்கிலிருந்து ஒருத்தி, "அம்மனுக்குச் சூடு ஏறிட்டு, ஆராவது குளிர்த்தி பாடுங்க கா" என்றாள். கண்ணகை என்று பெயர் வைத்தால் இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு லக்சிகா, கிதுர்சிகா. எனக்கு மட்டும் கண்ணகை அம்மன் கோயிலில் இருந்து எடுத்த பெயர். அம்மாவின் நேர்த்திக்கடன்.

நஸீபா டீச்சர் சிரிக்கவில்லை. "கருகும். ஆனா மிச்சம் மெதுவா" என்றார். பிறகு கரும்பலகையில் ஒரு நீண்ட சங்கிலி வரைந்தார். பருத்தி நூல் முழுவதும் செலுலோசு. குளுக்கோசுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்பதுதான் அது. சூடும் காற்றும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் விடுபடும். சங்கிலி குட்டையாகிக்கொண்டே போகும். சிதைந்த துண்டுகள் நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்கு மஞ்சள், பிறகு மண்ணிறம். அதோடு அமிலமும் ஊறும். அந்த அமிலம் மிச்சச் சங்கிலியையும் அறுக்கும்.

பள்ளி விட்டதும் புளியந்தீவு நூலகத்துக்குப் போனேன். ஆங்கிலப் புத்தகம், அகராதியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக வாசித்தேன். பத்துப் பாகை சூடு கூடினால் சங்கிலி அறுகிற வேகம் ஏறக்குறைய இரட்டிக்குமாம்.

அப்படியென்றால் எங்கள் பரணில்? அத்தனை வருசமும் கொதித்த கச்சான் காற்று, அத்தனை வருச வெயில், தகரப் பெட்டி, அதுவும் கூரைக்கு ஒரு சாண் கீழே. நாங்கள் சீலையைப் பத்திரப்படுத்தவில்லை. அவித்திருக்கிறோம்.

மே 11, ஞாயிறு

அண்ணாவைப் பற்றி எழுதாவிட்டால் இந்தச் சீலையைப் பற்றி எழுதியது அரைவாசிதான்.

அவர் பெயர் டிலக்சன். எனக்கு மூத்தவர், ஆனால் பத்து மாதக்காரர். இருந்திருந்தால் இப்போது கம்பஸில் படித்துக்கொண்டு, கணக்கு வராவிட்டால் என் தலையில் குட்டிக்கொண்டு இருந்திருப்பார். கடல் வந்த அந்தக் காலையில் அவர் ஏணையில் நித்திரை. அம்மா அக்காவைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போயிருந்தார். மிச்சத்தை அம்மா சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

சீலை வாவிப் பக்கம், கண்டல் வேரில் சிக்கிக் கிடந்தது. அப்பாதான் கண்டெடுத்தார். சீலையை மட்டும்.

நான் பிறந்தபோது அந்தச் சீலையில் என்னைப் போட வேண்டாம் என்று சொந்தக்காரர் எல்லாம் சொன்னார்களாம். அம்மா கேட்கவில்லை. "கடலாலயே கிழிக்க ஏலாத சீலை. என்ட புள்ள அதிலதான் கிடப்பாள்" என்றாராம். நான் கிடந்தேன். ஒரு நாளும் விழவில்லை.

அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா அந்தச் சீலையை நம்புகிறார். நானும் அதில் கிடந்து வளர்ந்தவள். ஆனால் நான் கிடந்தது பரணுக்குப் போகுமுன்.

மே 18, ஞாயிறு

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாட்டில் பேக்கரிக்குப் போனேன். கடல் வந்த பிறகு அப்பா தோணியில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து முனாஸ் நானாவின் பேக்கரியில் பாண் வேகிற போறணைக்கு முன்னால்தான் நிற்கிறார். தண்ணீரை விட்டு நெருப்புக்கு வந்த மனுசன்.

அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் மூன்று கீற்றுக் கிழித்திருந்தேன். ஒன்று என் புத்தகங்களுக்கு நடுவில், ஒன்று பரணில், மற்றது போறணைக்கு மேல் செங்கல்லில்.

முனாஸ் நானா கண்டுவிட்டார். "என்ன கனகசிங்கம், உங்கட மகள் வேட்டியப் பேக் பண்ணுறாவா? நாளைக்கு வேட்டிப் பாண் எண்டு விப்பமா?"

"வித்தா நல்லம் நானா" என்றார் அப்பா. "மாவு விக்கிற விலைக்கு வேட்டிதான் மலிவு."

"எதுக்கு மகள் இது?" என்று நானா என்னிடம் கேட்டார்.

"சூட்டில் துணி என்னாகும் என்று பார்க்க" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கீற்றை எடுத்து, விறகு வாயிலிருந்து கரி படாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மே 31, சனி

போறணைக் கீற்று பொன்னிறமும் தாண்டிவிட்டது. மடித்து வைத்த இடத்தில் கடும் மண்ணிறம். விரலால் நீவினேன், மடிப்போடு இரண்டாகிவிட்டது.

"கருகல்ல புள்ள, பதமா வெந்திரிக்கி" என்றார் முனாஸ் நானா. பாண் பார்க்கிற கண்ணால் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஏணைச்சீலையின் ஓரத்தில் அந்தக் கீற்றை வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம். சகோதரங்கள்போல.

பரணில் வைத்த கீற்றில் ஒரு மாற்றமும் இல்லை. புத்தகத்துக்குள் இருந்ததைப் போலவே வெள்ளை. இரண்டு கிழமையில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வருசமும் இப்படித்தான் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மன் சடங்கு முடிந்தது. கோயில் கதவு வருசத்தில் இந்தச் சில நாள்தான் திறக்கும். குளிர்த்தி பாடும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அம்மனின் உடம்பில் ஏறிய சூட்டைப் பாடிப் பாடி ஆற்றுகிறார்கள். நான் நினைத்தது றங்குப்பெட்டியை. அம்மன் மன்னிக்க வேண்டும்.

அக்கா நிற்க முடியாமல் பாயில் இருந்தாள். கிரானிலிருந்து ரதீஸ் அத்தான் வந்திருந்தார். வயல்காரர், வந்தால் தலைமாட்டில் இருந்து விசிறுவார். அவரை வைத்து ஊர்ப் பெண்கள் நக்கல். "நெல்லுத் தூத்துற மாதிரி விசிறாதீங்க தம்பி, பொஞ்சாதி பறந்திருவா!"

ஜூன் 27, வெள்ளி

ஆண்பிள்ளை. அக்கா சுகம். அம்மா ஆஸ்பத்திரி விறாந்தையில் நிலத்திலேயே இருந்துவிட்டார். "அவன்ட நெத்தி" என்று மட்டும் சொன்னார், அண்ணாவை நினைத்து.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா சீலையைக் கழுவிவிட்டார். நான் ரியூசன் முடிந்து வருமுன்பே.

வாளியைப் பார்த்தேன். ஒரு வாளி நிறையப் பிளேன்ரீ. ஊற்றிவிட்டு மறுபடி நனைக்க, மறுபடி பிளேன்ரீ. அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊத்தை எல்லாம் இறங்குகிறதாம். அது ஊத்தை அல்ல என்று எனக்குத் தெரியும். அறுந்த சங்கிலிகளின் துண்டுகள் அவை, தண்ணீரில் கரையுமளவுக்குக் குட்டையாகிவிட்டவை. அந்த வாளியில் இருந்தது சீலைதான்.

ஆனால் கொடியில் போட்டபோது எவ்வளவு வெளுப்பாக இருந்தது! நீலக்கரைகூடத் தெரிந்தது. முதன்முறையாக அதை நீலமாகக் காண்கிறேன்.

"பாத்தியா மனே? கடலுக்கே தப்பின சீலை. மஞ்சளுக்குப் போயிருமா?"

பிழிந்த இடத்தில் மடிப்போடு இரண்டு கீறல். அதைக் காட்டினேன். "அது ரெண்டு ஊசி இழுத்தா முடிஞ்சுது" என்றார்.

இருபது வருசமாக அம்மா வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டதில்லை என்று அக்கா சொல்வாள். இன்று நான் கேட்டேன்.

நான் எப்படிச் சொல்வேன்?

ஜூலை 7

கொடியில் காய்ந்த சீலையின் ஓரத்திலிருந்து தானாகத் தொங்கிய ஓர் இழையை எடுத்தேன். என் வெள்ளைக் கீற்றிலிருந்து இன்னோர் இழை, அதே தடிப்பில். மருந்துப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, கரண்டியால் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளை இழை, போத்தல் நிரம்பி வழிந்தும் அசையவில்லை. சீலை இழை இரண்டாவது கரண்டியிலேயே அறுந்தது. போத்தல் நிலத்தில் விழுந்து உருண்டது.

நிறம் போய்விட்டது. ஆனால் விட்ட கைகள் திரும்பக் கோக்கவில்லை. கழுவினதால் அம்மாவின் கண்ணுக்கு அது தெரியாமல் போனதுதான் மிச்சம்.

ஜூலை 9, புதன்

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். கன்னம் மட்டும் வேலை செய்கிறது, மற்றதெல்லாம் நித்திரை.

அக்கா பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கிற அண்டைக்கு மட்டும் போடுவம். ஒரு ஆட்டு ஆட்டிட்டு எடுத்திருவன். மறுகா அவர் வாங்கின வலை ஏணையில போடலாம். அம்மாட மனம் நோகாது."

"விழுறதுக்கு ஒரு ஆட்டுப் போதும் அக்கா."

"அப்ப அம்மாவுக்கு ஆர் சொல்லுற? நீ சொல்லுறியா?"

அத்தான் வாங்கிய நைலோன் வலை ஏணை இன்னும் பையிலேயே கிடக்கிறது. அதைக் கண்டதும் அம்மா, "புள்ளைக்கா, மீனுக்கா?" என்று கேட்டுவிட்டார். அத்தான் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

சோகத்திலும் அக்காவுக்குப் பகிடி போகாது. எங்கள் குடும்பத்தில் பிள்ளையைப் போடுமுன் அம்மிக்குழவியை ஏணையில் வைத்து ஆட்டுகிற வழக்கம் ஒன்று இருந்தது. பிள்ளை கல்லாட்டம் இருக்க வேண்டுமாம். அக்காவுக்கும் அண்ணாவுக்கும் செய்தது. பிறகு அந்த அம்மி கடலோடு போனது, புது அம்மி வாங்குமுன் பிறந்த எனக்குச் செய்யவில்லை. "அதுதான் நீ கல்லுமாதிரி இல்லாம தும்புமாதிரி இரிக்காய்" என்றாள். பிள்ளை திடுக்கிட்டுக் கண் திறந்தான். எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிட்டன். எல்லாத்தையும் சொல்லிட்டன்.

சொல்லியிருக்கக் கூடாதா? எப்படிச் சொல்லாம விடுற?

அம்மா கீறலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து போறணைக் கீற்றைக் காட்டினேன், போத்தலைக் காட்டினேன், சங்கிலியைக் கையால் செய்து காட்டினேன். அம்மா ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பரண் சூடுதான் காரணம் என்று சொன்னபோது நிறுத்தினார்.

"அப்ப நான்தான் பழுதாக்கினன் எண்டுறாய்."

"இல்ல அம்மா, சூடு..."

"மேல வெச்சது ஆர்? நான். தண்ணி எட்டாத இடம் எண்டு வெச்சது ஆர்?"

"அம்மா, நான் அப்பிடிச் சொல்லல்ல..."

"உன்ட புத்தகம் என்ட புள்ளைய அறியுமா? ஒரு நாள் தூக்கியிரிக்கா? சொல்லு. இது அவன் கடைசியாக் கிடந்த சீலை. எழும்பிப் போ."

எழும்பிப் போனேன். கிணற்றடியில் இருந்து அழுதேன். அம்மா அழவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

என்ன பெரிய விஞ்ஞானம்! எனக்கு எல்லாம் தெரியும், இதை எப்படிச் சொல்லுறது எண்டு மட்டும் தெரியாது.

ஜூலை 14

அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுப் பாசலில் எனக்குப் பிடித்த கணவாய்ப் பொரியல் இருந்தது.

ஜூலை 19, சனி

பேக்கரியில் அப்பாவுக்கு உதவியாகத் தட்டுகளுக்கு எண்ணெய் பூசினேன். முனாஸ் நானா தெருத் தெருவாகப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோவுக்குச் சாமான் ஏற்றப் போனதும் அப்பாவிடம் கேட்டேன். முப்பத்தொன்றுக்கு முதல், அம்மா இல்லாத நேரம் பார்த்துச் சீலையில் ஒரு பாரம் வைத்துக் காட்டட்டுமா என்று. கிழிந்தால் கிழியட்டும், பிள்ளை தப்பும்.

அப்பா போறணை வாயை மூடிவிட்டு வந்தார்.

"அவ இல்லாத நேரம் செய்யாத மனே. ஒருக்கா அவ இல்லாத நேரத்தில போனதுதான் அவவுக்கு இன்னும் ஆறல்ல."

பிறகு தானாகவே சொன்னார். இதுவரை எனக்குச் சொல்லாதது.

"கண்டலுக்குள்ள சீலையக் கண்ட நேரம் அது முடிச்சோட கிடந்துது. ஏணை முடிச்சு. நான் போட்ட முடிச்சு. அவிழல்ல, கிழியல்ல. உங்கம்மா அதத் தடவித் தடவிப் பாத்தா. சீலை பிடிச்சுத்தான் இருந்தது, விட்டது சீலையில்ல எண்டு சொன்னா. அதில இருந்துதான் அவ எழும்பின." அப்பா கையிலிருந்த மாவைத் தட்டினார். "இப்ப நீ சீலை விட்டிரும் எண்டுறாய். சொல்லத்தான் வேணும். நீ சொன்னது சரி. ஆனா அவவுக்கு நேரம் குடு."

"நேரம் இல்லையே அப்பா. முப்பத்தொண்டு வருதே."

"அவ உன்னையும் அதே கையாலதான் வளத்தவ. புள்ளைய விடமாட்டா" என்றார். பிறகு போறணை வாயைத் திறந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சூடு.

ஜூலை 26, சனி

நாளைக்கு முப்பத்தோராம் நாள். அம்மா சீலையை மடித்துச் சாமித் தட்டில் வைத்திருக்கிறார். அப்பா கூரை வளையில் கயிறு போட்டுவிட்டார். அம்மா சீலையைக் கட்டினால் நான் குறுக்கே நிற்பேன். எல்லார் முன்னாலும். அடித்தாலும் பரவாயில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் துடக்குக் கழித்து, வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. பக்கத்து வீட்டாரும் அத்தானின் ஆட்களும் வந்திருந்தார்கள். அம்மா குளித்து, தன் நல்ல பருத்திச் சீலை உடுத்திருந்தார். அரக்குக் கரை போட்டது. வந்து பழைய சீலையில் ஏணையைக் கட்டினார். முடிச்சை அப்பா போட்டார். அக்கா பிள்ளையோடு நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. நான் குறுக்கே நிற்கத்தான் போனேன். அதற்குள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் பார்வை.

"கண்ணகை, குசினிக்க இருக்கிற குழவியக் கழுவிக் கொண்டா."

அத்தானின் மாமி ஒருவர், "இப்ப ஆருகா குழவி போடுற? அதெல்லாம் அந்தக் காலம்" என்றார்.

"எங்கட வழக்கம்" என்றார் அம்மா.

குழவியைக் கொண்டுவந்தேன். அம்மா அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, துவாயில் பிள்ளைபோல் சுற்றினார். கையில் ஏந்தி ஏணைக்குள் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. கீழே தாங்கிக்கொண்டே இருந்து, மெல்ல மெல்ல விட்டார்.

சீலை பிடித்தது.

எனக்கு ஒரு கணம், நான் பிழையாக இருக்க வேண்டும், என் போத்தலும் போறணையும் பொய்யாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

அம்மா ஒரு தரம் ஆட்டினார். இரண்டாம் தரம். பழைய மடிப்பு இருந்த கோட்டில் சீலை திறந்தது. துணி கிழிகிற சத்தமே இல்லை, வாழைச்சருகு பிரிகிற சத்தம். குழவி விழுந்தது.

நிலத்தில் அல்ல. ஏணைக்கு நேர் கீழே மெத்தை இரண்டாக மடித்து விரித்திருந்தது. அதற்கு மேல் தலையணை. எல்லார் கண்ணும் சீலையிலேயே இருந்ததால் அப்போதுதான் அதைக் கவனித்தோம். விடியக் கூட்டும்போது அது அங்கே இல்லை. கூட்டிய பிறகு அந்த அறைக்குள் போனது அம்மா மட்டும்தான்.

அம்மா குனிந்து குழவியை எடுத்து, துவாயைச் சரிசெய்து, மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தட்டிக்கொடுக்கிற மாதிரி அதன் மேல் கை. பிறகு கிழிந்த இரண்டு பக்கத்தையும் மற்றக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தண்ணிக்குக் குடுக்காம வெச்சிருந்தன்" என்றார். "சூட்டுக்குக் குடுத்திட்டன்."

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "தெரியாதுதானே அம்மா. எல்லா வீட்டிலயும் மேலதானே வெச்சிரிக்காங்க" என்றேன். அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்போது அழுதார். நன்றாக அழுதார். அப்பா வெளியே போய்விட்டார். பிறகு பார்த்தால், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறார்.

அழுது முடிந்ததும் அம்மா எழும்பி அறைக்குள் போனார். வேறு சீலை உடுத்து வந்தார். உடுத்திருந்த அரக்குக்கரைச் சீலை கையில். "கட்டுங்க" என்று அப்பாவிடம் கொடுத்தார். தொட்டுப் பார்த்தேன், இன்னும் அம்மாவின் சூடு இருந்தது. அதற்கும் முதலில் குழவியைப் போட்டு ஆட்டினார். பிறகுதான் பிள்ளை. போட்டதும் கொட்டாவி விட்டான். அத்தான் மூக்கைச் சீறிக்கொண்டு, "வலை ஏணைய நான் மீனுக்கே குடுத்திடுறன் மாமி" என்றார். அம்மா சிரித்தார்.

பிள்ளைக்கு டிலக்சன் என்றே வைக்கலாம் என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"அது அவன்ட பேர்" என்றார் அம்மா. "அவனுக்கு இருக்கட்டும். இவனுக்கு வேற வைங்க."

ஜூலை 28

பெயர் இன்னும் முடிவாகவில்லை. அத்தான் எண்சாத்திரம் பார்க்கிறார். அதுவரைக்கும் அவனுக்குக் குழவி என்றே பெயர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மாவும் நானும் சேர்ந்து சீலையை எடுத்து வைத்தோம். "உன்ட புத்தகத்தில எப்பிடிச் சொல்லியிரிக்கு?" என்று அம்மாதான் கேட்டார். கிழிவைத் தைக்கவில்லை; ஊசித்துளை ஒவ்வொன்றும் இன்னொரு கிழிவு. மடிக்கவும் இல்லை. துணிக்கடையில் கேட்டு வாங்கிய தடித்த மட்டைக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதற்கு மேல் சீலையைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றினோம். பென்சில் பெட்டிக்குள் இருந்த பொடியையும் கொடுத்தேன். அம்மா சொக்லேட் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதையும் உள்ளே வைத்தார்.

வீட்டில் வெயில் படாத சுவர் நடு அறைச் சுவர். அங்கே அலுமாரி. கூரைக்குத் தூரமென்றால் அடித்தட்டுத்தான். அம்மா தட்டைத் துடைத்துவிட்டு, சுருளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி வந்தா?"

அதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. "வந்தா நான் தூக்குவன் அம்மா" என்றேன்.

"முதல்ல புள்ளையத் தூக்கு" என்றார். "மறுகாதான் சீலை."

அடித்தட்டில் வைத்தார். அன்று முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அலுமாரிக் கதவைத் தொட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 22, புதன்

மழை விடியத் தொடங்கியது, நிற்கவில்லை. ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர், இன்னும் வாசல்படி ஏறவில்லை. இந்த வரிசை முழுவதும் சாமான் மேலே ஏறுகிற சத்தம், கதிரை இழுக்கிற சத்தம், ஆளுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம். அம்மாவும் அரிசியை, படங்களை, என் கொப்பிகளை எடுத்து எடுத்துத் தந்தார். நான் ஸ்டூலில் நின்று பரணில் அடுக்கினேன். கூரை குளிர்ந்து கிடந்தது. கையை வைத்தால் சில்லென்றது.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் இறங்கி, அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து சுருளை எடுக்கக் குனிந்தேன். சொன்ன சொல் இருக்கிறதே.

அம்மா ஏணைக்குப் பக்கத்தில் இருந்தார். அரக்குக் கரைக்குள் குழவி நித்திரை. ஏணைக் கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே, சுருளைப் பார்த்துச் சொன்னார்:

"அது அங்கயே கிடக்கட்டும் மனே. மேல அவனுக்குச் சூடு."

நான் கதவைச் சாத்தினேன்.